பூ பூத்தால் தண்ணீர் ஊற்றவும்

ஷாஜி போன் செய்தபோது நான் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். எங்கள் எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவர் ஷாஜி. நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. போனை எடுத்ததும் அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"கிரேஸ் அக்கா, பூத்திருச்சு" என்றார்.

"எதுப்பா?"

"கரண்டு வண்டிக்கா."

நான் துருவியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். சிரித்தேன் என்றால் சும்மா இல்லை, முட்டிக்கால் வலியையும் மறந்து தரையில் உட்கார்ந்து சிரித்தேன். காரணம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன்னால் எஸ்டேட்டுக்கு மின்சாரத்தில் ஓடும் சரக்கு வண்டி ஒன்று வந்தது. அன்றைக்கு இதே ஷாஜி போன் செய்து, "இனிமே ஆசிட் இல்ல, சோடா இல்ல, வாசலின் இல்ல. உங்க காலத்துச் சாமானையெல்லாம் ஒரு பெட்டியில போட்டுக் கட்டி வச்சிட்டேன்க்கா" என்று சொல்லியிருந்தார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. இப்போது பார்த்தால், அந்தப் புது வண்டியின் பெரிய பேட்டரிக்குத் துணையாக, முன் மூடிக்குக் கீழே நம் பழைய வகைப் பேட்டரி ஒன்று குட்டியாக உட்கார்ந்திருக்கிறதாம். விளக்கு, பூட்டு, ஹாரன் எல்லாம் அதில்தானாம். அதன் டெர்மினல் பூத்து, காலையில் வண்டியின் கதவே திறக்கவில்லையாம்.

பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வெள்ளையும் பச்சையும் நீலமுமாகப் பொருக்குக் கட்டுமே, அதற்கு எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பூ என்று பெயர். அப்படிப் பூத்துவிட்டால், பேட்டரிக்குள் எவ்வளவு சக்தி இருந்தாலும் வெளியே வராது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"அக்கா, என்ன செய்யணும்னு நாலு வரியில எழுதி அனுப்புங்க. பிரிண்ட் போட்டு வண்டிக்குள்ள ஒட்டிடறேன்" என்றார் ஷாஜி.

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அங்கிருந்தே அலறினார்: "நாலு வரியா? ஐயையோ, வேணாம்னு சொல்லு!"

அவர் அலறியதில் நியாயம் இருக்கிறது. ஒரு காலத்தில் நான் நாலு வரியில் எழுதி வைத்ததால் என்ன ஆனது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே ஷாஜி, உங்களுக்கு நாலு வரி கிடையாது. முழுசாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் பிறந்தது குன்னூர். பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு உதவி நர்ஸாக வந்தேன். அங்கே நாலு வருடம் காயத்துக்குக் கட்டுப் போட்டேன், இருமலுக்கு மருந்து ஊற்றிக் கொடுத்தேன். ஒருநாள் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் பாஸ்கரன் கையில் ஆசிட் பட்டு வந்தார். கூடலூர்க்காரர், பேச்சில் பாதி மலையாளம். பஞ்சை எடுத்துத் துடைக்கப் போனவரைத் தடுத்து, குழாயடியில் நிறுத்தி, கால் மணி நேரம் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தேன். நடுவில் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை, திட்டவும் செய்தேன். போகும்போது, "நிங்களுக்கு ஆசிட் பேடியில்லை அல்லே?" என்று கேட்டார். பயமில்லையா என்கிறார். "ஆசிட்டைக் கண்டு என்னத்துக்குங்க பயம், ஆளுங்க பஞ்சை வெச்சுத் தேய்க்கறதுக்குத்தான் பயம்" என்றேன்.

அடுத்த மாதம் ஒர்க்‌ஷாப்பில் பேட்டரி அறைக்கு ஆள் தேவைப்பட்டது. அவர் மேனேஜரிடம் என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆறு மாதம் பரீட்சை. தேறினால் நிரந்தரம், இல்லாவிட்டால் திரும்ப டிஸ்பென்சரி. எனக்கு ஒர்க்‌ஷாப் ஒரே வாரத்தில் பிடித்துப்போய்விட்டது. நோயாளிகள் பொய் சொல்வார்கள், மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே எறிவார்கள். பேட்டரி அப்படியெல்லாம் செய்யாது.

அங்கே இருந்த ஆண்களுக்கு என் பெயர் ஒரு பெரிய கொண்டாட்டம். கிரேஸ் என்று கூப்பிட யாருக்கும் மனசில்லை. முதல் நாளே 'கிரீஸ்' ஆக்கிவிட்டார்கள். "ஏனுங், கிரீஸ் எங்க?" என்று யாராவது கேட்டால், டப்பாவைக் கேட்கிறார்களா என்னைக் கேட்கிறார்களா என்று எனக்கே தெரியாது. இரண்டையும் கொண்டு போய் நிறுத்துவேன்.

ஃபோர்மேன் பாஸ்கரன் யாரையும் திட்டமாட்டார். அவரிடம் இருந்தது ஒரு வெள்ளைக் கைக்குட்டை. நான் ஒரு டெர்மினலைச் சுத்தம் செய்து முடித்ததும் வருவார். "நோக்கட்டே" என்பார், பார்க்கட்டும் என்று. கைக்குட்டையை விரலில் சுற்றி, டெர்மினலைச் சுற்றிலும், கிளாம்ப்பின் அடியிலும், பேட்டரியின் மேல்தட்டிலும் ஒரு இழுப்பு இழுப்பார். கறை பட்டால் ஒரு வார்த்தை பேசாமல் கைக்குட்டையை நாலாக மடித்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். நான் அதைத் துவைத்துக் கொடுக்க வேண்டும். பேட்டரி ஆசிட் பருத்தித் துணியில் பட்டால் சும்மா விடுமா? இரண்டு துவையலில் ஓட்டை விழும். மூன்று மாதத்தில் அவருடைய கைக்குட்டைகள் எல்லாம் சல்லடை. அவற்றை அவர் தூக்கிப் போடவும் இல்லை. ஓட்டைக் கைக்குட்டையாலேயே முகம் துடைத்துக்கொண்டு என் முன்னால் நடப்பார்.

ஆகவே வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். அந்த முறையை இங்கே சொல்லிவிடுகிறேன், ஷாஜிக்கும் ஆகும்.

முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும். நெகட்டிவ் கிளாம்ப்பைத்தான் முதலில் கழற்ற வேண்டும், பிறகு பாசிட்டிவ். மாற்றிச் செய்தால், பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டு, தீபாவளி அன்றைக்கே வந்துவிடும். கிளாம்ப் இறுகிப்போயிருந்தால் சுத்தியலால் தட்டக் கூடாது. வெந்நீர் விட்டு, மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்து எடுக்க வேண்டும். பேட்டரியின் மூடிகள் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவைக் கலந்து, டெர்மினல்களின் மேலே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். பூ நுரைத்துக்கொண்டு கரையும். அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். நுரை நின்றதும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கம்பித் தூரிகையால் டெர்மினலையும் கிளாம்ப்பின் உட்புறத்தையும் பளபளவென்று தேய்க்க வேண்டும். மாட்டும்போது முறை தலைகீழ்: பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். கையால் திருகினால் அசையாத அளவுக்கு இறுக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் வாசலின். வெளிப்பக்கம் முழுக்க, மெலிசாக, குளிர்காலத்தில் உதட்டுக்குப் போடுவதைப் போல. காற்றும் பனி ஈரமும் உள்ளே போகாமல் இருக்கத்தான் அது.

கடைசிக் காரியத்தில்தான் எங்கள் டிரைவர்கள் விளையாடினார்கள். வாசலின் தீர்ந்துபோன ஒரு வாரத்தில், லாரிக்காரர் ஒருவர் நீலகிரித் தைலத்தைப் பூசிவிட்டார். சளிக்கும் அதுதான், மூட்டு வலிக்கும் அதுதான், பேட்டரிக்கு மட்டும் ஆகாதா என்று கேட்டார். அந்த லாரி எஸ்டேட்டுக்குள் நுழைந்தாலே எல்லோருக்கும் மூக்கடைப்பு விட்டுப்போனது. இன்னொருவர் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு டிசம்பரில் ஊட்டிக்குப் போனார். திரும்பி வந்தபோது இரண்டு டெர்மினலிலும் வெள்ளையாக உறைந்திருந்தது. நான் பூ என்று நினைத்து அரைப் பாக்கெட் ஆப்ப சோடாவைக் கொட்டினேன். நுரைக்கவே இல்லை. முகர்ந்து பார்த்தால் சமையல் வாசம்.

இதையெல்லாம் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. டிஸ்பென்சரியில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை உண்டு. அதுபோல ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு அட்டை. முத்து முத்தான கையெழுத்தில், சுருக்கமாக, நாலே வரி எழுதினேன்:

தினமும் காலையில் பேட்டரியைப் பார்க்கவும்.
பூ பூத்தால் தண்ணீர் ஊற்றவும்.
துடைத்துவிட்டு வாசலின் பூசவும்.
தைலம், எண்ணெய் பூசக் கூடாது.

ஃபோர்மேனிடம் காட்டினேன். தலையைச் சாய்த்துப் படித்தார். "பூ எந்நு வேண்டா. கிளாவு எந்நு எழுது" என்றார். பித்தளைப் பாத்திரத்தில் பச்சையாகப் பிடிக்குமே, அதற்கு மலையாளத்தில் கிளாவு. "அது நம்மாளுகளுக்குப் புரியாதுங்க சார். பூன்னா பச்சக் குழந்தைக்கும் புரியும்" என்றேன் பெருமையாக. ஒன்பது வண்டிகளிலும் அட்டையைத் தொங்கவிட்டேன். எட்டு டிரைவர்கள் அதை ஒருமுறைகூடப் படிக்கவில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒன்பதாவது ஆள் செபமாலை, ஆம்புலன்ஸ் டிரைவர். இலங்கையிலிருந்து வந்த குடும்பம். பதினொரு வருடம் தேயிலைக் கொழுந்து லாரியில் கிளீனராக இருந்து, லைசென்ஸ் எடுத்து, காத்திருந்து காத்திருந்து அந்தச் சாவியை வாங்கியவர். தினமும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டுதான் வண்டியைத் தொடுவார். எதையும் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக, உதட்டை அசைத்துப் படிப்பார். டிஸ்பென்சரியில் இருந்த நாளிலிருந்தே என்னை 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார். இலங்கையில் நர்ஸை அப்படித்தான் சொல்வார்களாம்.

அட்டை மாட்டிய மூன்றாவது வாரம், ஆம்புலன்ஸ் ஸ்டார்ட் ஆகவில்லை. காய்ச்சலில் கிடந்த ஒரு பெரியவரை ஜீப்பில் போட்டுக்கொண்டு போனார்கள். போய்ப் பார்த்தேன். பாசிட்டிவ் டெர்மினலில் நீலமும் பச்சையுமாக அவ்வளவு பெரிய பூ. சுத்தம் செய்தேன், கைக்குட்டைப் பரீட்சையிலும் தேறினேன். ஐந்து நாளில் மறுபடி பூத்தது. சுத்தம் செய்தேன். அடுத்த வாரமும் பூத்தது. அதற்கடுத்த வாரம், கால் முறிந்த ஒரு பெண் உள்ளே படுத்திருக்கும்போதே வண்டி 'டக்' என்றது. பத்துப் பேர் சேர்ந்து தள்ளினார்கள்.

மேனேஜர் செபமாலையைக் கூப்பிட்டார். நானும் ஃபோர்மேனும் அறைக்கு வெளியே நின்றிருந்தோம். "ரெண்டு தடவை ஆச்சு. மூணாவது தடவை நின்னா, சாவியை மேஜையில வச்சுட்டு லாரிக்குப் போயிடு. நான் டவுன்ல வாடகை வண்டி பேசிக்கிறேன்" என்றார். செபமாலை "சரிங்க தொரை" என்று மட்டும் சொன்னார். வெளியே வந்தபோது சட்டையின் கசங்காத கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவர் ஆம்புலன்ஸை தொழிலாளர் லயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சரிவில் மூக்கு கீழே பார்க்க நிறுத்த ஆரம்பித்தார். மலையில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் இந்த வழக்கம் உண்டு. பேட்டரி கைவிட்டாலும், பிரேக்கை விட்டு உருட்டி, கியரைப் போட்டு ஸ்டார்ட் செய்துவிடலாம். நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் பூ குறையவில்லை. ஐந்து நாளுக்கு ஒருமுறை வந்தது, இப்போது மூன்று நாளுக்கு ஒருமுறை வந்தது. அதுவும் பாசிட்டிவில் மட்டும். நெகட்டிவ் துடைத்து வைத்ததுபோல இருந்தது.

ஃபோர்மேன் மீட்டரை வைத்து, வண்டி பேட்டரிக்கு அளவுக்கு மேல் மின்சாரம் ஏற்றுகிறதா என்று பார்த்தார். சரியாக இருந்தது. டெர்மினலின் அடியில் விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். இல்லை. கிளாம்ப்பை மாற்றினோம். கேபிளை மாற்றினோம். எண்ணெயில் ஊறவைத்த துணி வளையத்தை அடியில் போட்டோம். மூன்றாம் நாள் காலையில் போனால், புதுக் கிளாம்ப்பின் மேல் புதுப் பூ. எனக்குத் தூக்கம் போனது. என் ஆறு மாதமும் முடியப் போகிறது.

ஒருநாள் எனக்குக் கோபம் தாங்கவில்லை. "ஏனுங், நெசமாவே தெனமும் பாக்கறீங்களா? இல்ல சட்டைக்கு இஸ்திரி போடறதோட சரிங்களா?" என்று செபமாலையிடம் கேட்டுவிட்டேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. "நீங்க எழுதின மாதிரியே தான் மிஸ்ஸி செய்றேன். ஒரு சொல்லு விடல" என்றார்.

அந்தப் பதிலை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை ஃபோர்மேனும் நானும் சரிவுக்கே போனோம். ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை வரவழைத்துத்தான் எப்போதும் பார்ப்போம். அங்கே தரை சமம். நின்ற இடத்திலேயே மூடியைத் திறந்து பார்த்தது அன்றுதான் முதல் தடவை. ஃபோர்மேன் குனிந்து பார்த்தார். பிறகு தன் பிளாஸ்கிலிருந்து விரலால் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தொட்டு, பேட்டரியின் மேல்தட்டில் நடுவில் வைத்தார். சொட்டு மெதுவாக நகர்ந்தது. ஒவ்வொரு மூடியையும் சுற்றிக்கொண்டு, சரிவில் இறங்கி, நேராகப் போய் பாசிட்டிவின் காலடியில் நின்றது. பேட்டரி வண்டியின் நீளவாக்கில் இருந்தது. பாசிட்டிவ் மூக்குப் பக்கம்.

"கண்டோ?" என்றார்.

கண்டேன். மேல்தட்டில் கசியும் ஈரம் முழுக்க ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறது. வண்டி நின்றுவிடுமோ என்று பயந்து சரிவில் நிறுத்துகிறார். சரிவில் நிறுத்துவதால் பூக்கிறது. பூப்பதால் வண்டி நிற்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பட்சே, வெள்ளம் எவிடன்னு வந்நு?" என்றார் ஃபோர்மேன். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்கிறார். அதுதான் கேள்வி. நான் ஒரு மூடியைத் திறந்தேன். உள்ளே இருக்கும் தகடுகளுக்கு மேலே ஒரு விரல் கனத்துக்குத்தான் தண்ணீர் நிற்க வேண்டும். இதிலோ கழுத்து வரைக்கும் தளும்பியது. அடுத்ததும் அப்படியே. ஆறும் அப்படியே. இவ்வளவு ஊற்றினால், வண்டி ஓடும்போது சூடேறிக் கொப்பளித்து, ஆசிட்டோடு மூடி வழியாக வெளியே வராமல் என்ன செய்யும்?

"இதுல யாருங்க தண்ணி ஊத்துனது?"

"நான் தான் மிஸ்ஸி" என்றார் செபமாலை.

"எப்பங்க ஊத்துனீங்க?"

"பூக்குறப்பல்லாம்."

"பூக்கறப்ப எதுக்குங்க உள்ள ஊத்துறீங்க?"

அவர் வண்டிக்குள் கையை விட்டு, தொங்கிக்கொண்டிருந்த அட்டையை எடுத்து வந்தார். இரண்டாவது வரியில் விரலை வைத்து, உதட்டை அசைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "பூ. பூத்தால். தண்ணீர். ஊற்றவும்." பிறகு என்னைப் பார்த்தார். "பேட்டரிக்குத் தண்ணி ஊத்துறதுன்னா உள்ளுக்கு தானே மிஸ்ஸி? நான் டிஸ்டில்டு வாட்டர் தான் ஊத்துனேன். வெளங்காம ஒண்ணும் செய்யல."

முன்பே சொன்னேனே, ஒன்பது பேரில் எட்டுப் பேர் அட்டையைப் படிக்கவே இல்லை. அந்த எட்டு வண்டிகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எழுத்துக்கு எழுத்து என் பேச்சைக் கேட்ட ஒரே மனிதரின் வண்டிதான் இரண்டு தடவை அவசர நேரத்தில் நின்றது. அவருடைய வேலைக்கு உலை வைத்தது நான்தான். அந்த மனிதரைத்தான் இஸ்திரி போடுவதோடு சரியா என்று கேட்டிருக்கிறேன்.

பக்கத்திலிருந்து ஒரு வினோதமான சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தால் ஃபோர்மேன் பாஸ்கரன் வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறார். அவர் சிரித்து அந்த ஒர்க்‌ஷாப்பில் யாரும் பார்த்ததில்லை. "கிளாவு... கிளாவு எந்நு எழுதான் பறஞ்சதல்லே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்து, கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார். அது ஆசிட் துடைத்த கைக்குட்டை. நான் பாய்ந்து பிடுங்கினேன். அதற்குப் பிறகு செபமாலையும் சிரித்தார், நானும் சிரித்தேன். எனக்குச் சிரிப்போடு அழுகையும் சேர்ந்து வந்தது.

அன்று மத்தியானமே மேனேஜரிடம் போய், தவறு டிரைவருடையது அல்ல, என்னுடையது என்று சொல்லி, பழுதுப் பதிவேட்டிலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் அட்டையை இரண்டு தடவை படித்தார். சிரிக்கவில்லை. "சரி. இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே விதிதான். இன்னொரு தடவை நின்னா அவன் லாரிக்கு, நீங்க டிஸ்பென்சரிக்கு" என்றார்.

பேட்டரியை அறைக்குக் கொண்டு வந்து, அதிகமாக இருந்த தண்ணீரை உறிஞ்சி எடுத்து, நீர்த்துப்போன ஆசிட்டை ஃபோர்மேன் அளந்து சரிசெய்தார். இரண்டு நாள் சார்ஜ் ஏற்றினோம். மேல்தட்டைச் சோடாத் தண்ணீரால் கழுவினேன். வாசலின் பூசினேன். இனி ஒரே ஒரு காரியம் பாக்கி.

"இனிமே சரிவுல நிறுத்தக் கூடாதுங்க. டிஸ்பென்சரி முத்தத்துல, சமமா இருக்கற எடத்துல நிறுத்துங்க" என்றேன்.

செபமாலைக்கு வியர்த்துவிட்டது. சமதரையில் நிறுத்தினால் உருட்டி ஸ்டார்ட் செய்ய முடியாது. சாவியைத் திருப்பினால் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவ்வளவுதான். மற்ற டிரைவர்கள் எல்லாம், "கிரீஸ் பேச்சைக் கேட்டு ரெண்டு தடவை கெட்டது போதாதா?" என்று அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் நேராக என்னிடம் வந்தார்.

"எழுதிக் குடுங்க மிஸ்ஸி. எழுத்துல இருந்தா நான் செய்வேன்."

இவ்வளவுக்குப் பிறகும் என் எழுத்தை ஒருவர் நம்பிக் கேட்கிறார்! புது அட்டையில், 'பூ பூத்தால் டெர்மினலின் மேலே வெந்நீர் ஊற்றவும். பேட்டரிக்கு உள்ளே ஊற்றக் கூடாது. சமதரையில் நிறுத்தவும்' என்று எழுதினேன். எழுதிவிட்டு எட்டுத் தடவை படித்தேன். ஃபோர்மேனைப் படிக்கச் சொன்னேன். செபமாலை விரலை வைத்துப் படித்துவிட்டு, வண்டியைக் கொண்டு போய் டிஸ்பென்சரி முற்றத்தில் நிறுத்தினார்.

ஏழு நாள் பூக்கவில்லை. எட்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும், பன்னிரண்டாம் நம்பர் மலையில் குளவி கலைந்துவிட்டது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஏழு பெண்களைக் கொட்டிவிட்டது. டிஸ்பென்சரியில் ஊசி போட்டார்கள். அதில் ஒருத்திக்கு முகம் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டு வந்தது. உடனே பந்தலூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஜீப் கூடலூருக்குப் போயிருந்தது.

ஆபத்துக்கு ஊதும் விசில் சத்தம் கேட்டு நான் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓடினேன். அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முற்றம் முழுக்க ஆட்கள். மேனேஜரும் நின்றார். ஃபோர்மேன் தூரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், அவர் எப்போதும் வண்டிச் சத்தத்தை அப்படித்தான் கேட்பார். யாரோ, "சமத்துல நிப்பாட்டி வச்சிருக்கானே, எப்படித் தள்ளுறது?" என்று கத்தினார்கள். செபமாலை சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் ஒரே பிடியில் பிடித்தது!

நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. குதித்தேன் என்று சொல்கிறார்கள். பக்கத்தில் நின்ற மேனேஜரின் கையைப் பிடித்து ஆட்டினேன் என்றும் சொல்கிறார்கள். அதை நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. வண்டி வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது: சரியான நேரத்துக்குக் கொண்டு வந்தீர்கள், பிழைத்துவிட்டாள்.

சாயந்திரம் ஆம்புலன்ஸ் திரும்பியதும் ஃபோர்மேன் மூடியைத் திறந்தார். "நோக்கட்டே." ஓட்டையில்லாத புதுக் கைக்குட்டை. சுற்றிலும் இழுத்தார், அடியில் இழுத்தார், மேல்தட்டில் இழுத்தார். விரித்துப் பார்த்தார். எங்களுக்கும் காட்டினார். வாசலினின் லேசான மினுமினுப்பைத் தவிர ஒன்றுமில்லை. "மதி" என்று சொல்லி அதைப் பைக்குள் வைத்துக்கொண்டார். போதும் என்று அர்த்தம். அடுத்த வாரம் எனக்கு நிரந்தர வேலைக்கான கடிதம் வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் அந்த அறையில்தான் இருந்தேன்.

கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினால், செபமாலை வாசலில் நிற்கிறார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் ஒரு டின். டின்னில் ஒரு டேலியாச் செடி, சிவப்பாக ஒரே ஒரு பூ. செடிக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, அதில் என்னுடைய பழைய அட்டையைக் கட்டியிருந்தார். மற்ற மூன்று வரிகளையும் கத்தரித்துவிட்டிருந்தார். மிச்சம் இருந்தது இரண்டாவது வரி மட்டும்.

"நீங்க எழுதினது பிழை இல்ல மிஸ்ஸி. மாட்டின எடம் தான் பிழை" என்றார். பிறகு டின்னை நீட்டி, "இதுக்கு உள்ளுக்கு ஊத்தலாம் தானே?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஊத்தலாங்க" என்றேன்.

"தெனமும் ஊத்தணும். ஒரு ஆளால முடியாது."

அவர் எதைக் கேட்கிறார் என்று புரிய எனக்கு அரை நிமிடம் பிடித்தது. புரிந்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது. "எழுதிக் குடுக்கட்டுங்களா?" என்று கேட்டேன். பந்தலூர்க் கோயிலில் பாதிரியார் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசித்தபோது, பின் பெஞ்சில் ஃபோர்மேன் பாஸ்கரன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

ஆகவே ஷாஜி, கரண்டு வண்டிக்கும் முறை அதேதான். அந்த வண்டியின் பெரிய பேட்டரியையும் அதற்குப் போகும் ஆரஞ்சுக் கேபிளையும் மட்டும் தொடாதீர்கள், அது கம்பெனிக்காரன் வேலை. குட்டிப் பேட்டரிக்கு ஆப்ப சோடா, வெந்நீர், தூரிகை, வாசலின். பெட்டி கட்டி வைத்த என் சாமானை அவிழ்த்து எடுங்கள். வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். முக்கியமாக, பூ பூத்தால் தண்ணீர் ஊற்றவும்.

இந்த இடம் வரைக்கும் எழுதி முடித்துக் காகிதத்தை மடித்தபோது, பின்னால் வந்து நின்ற என் வீட்டுக்காரர் கையை நீட்டினார்.

"மேலேன்னு போட்டியா?"

"போட்டிருக்கேனுங்க."

"கடைசியிலயும்?"

நான் பேனாவை மூடினேன். செபமாலை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, காகிதத்தை மேஜையில் விரித்து, முதல் சொல்லில் விரலை வைத்தார்.